"இயற்கையானதுதானே?": புகையிலைக் கரைசல் செய்முறையை ஒரு விமர்சனமாக வாசித்தல்

நிகோடினைப் பற்றிப் பேசும்போது இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று: "அது செடியிலேயே இருக்குற இயற்கையான பொருள்தானே, கத்தரிக்காயில கூட இருக்குது." இன்னொன்று: "அது பூச்சிமருந்துங்க, சொட்டு பட்டாலே ஆள் காலி." முதல் வாக்கியம் இயற்கை விவசாயக் கூட்டங்களில் வரும். இரண்டாவது, புகையிலை எதிர்ப்புச் சுவரொட்டிகளில் வரும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டுமே மீதிப் பாதியைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்தக் குறிப்பில் நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் முதல் வாக்கியத்தை. காரணம், நாமக்கல் பக்கம் அது வெறும் பேச்சாக நிற்பதில்லை, அண்டாவில் கொதிக்கிறது. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய 'அக்னி அஸ்திரம்' என்ற கரைசலில் புகையிலை ஒரு முக்கியச் சரக்கு. கோமியம், வேப்பிலை, பச்சை மிளகாய், பூண்டு, புகையிலை எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீரில் கலந்து அடிக்க வேண்டும். அரசு வெளியீடுகள் உட்படப் பல இயற்கை வேளாண்மைக் கையேடுகளில் இது இருக்கிறது. ஒரு நிரலை வாசிப்பதுபோல இந்தச் செய்முறையை வரிவரியாக வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது இயற்கை விவசாயத்தைக் கேலி செய்யும் கட்டுரை இல்லை. ரசாயனச் செலவில் கடன்பட்டவர்கள் மாற்று தேடுவது நியாயமான காரியம். அந்த மாற்றுக்கு உரிய மரியாதையே, அதையும் மற்ற மருந்துகளைப் போலவே கறாராகக் கேள்வி கேட்பதுதான்.

செடி எதற்காக இதைச் செய்கிறது?

நிகோடின் புகையிலையின் வேரில் உருவாகிறது. அங்கிருந்து தண்ணீர் ஏறும் குழாய்கள் வழியாக இலைக்குப் போய்ச் சேர்கிறது. இலையைப் புழு கடித்தால், அந்தச் சேதி ஜாஸ்மோனேட் என்ற சமிக்ஞைப் பொருள் வழியாகப் போய், நிகோடின் உற்பத்தி கூடுகிறது. புகையிலை போடுகிறவர்கள் பூங்கொத்தை ஒடித்துவிடுவார்கள் இல்லையா, அதனால் இலை தடிப்பதோடு நிகோடினும் ஏறுகிறது. தலை போனதைச் செடி ஒரு தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

இது ஊகம் இல்லை. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச்சூழலியல் நிறுவனத்தில் இயான் பால்ட்வின் குழுவினர், காட்டுப் புகையிலை ஒன்றில் நிகோடின் தயாரிக்கும் மரபணுவை அடக்கிவிட்டு, அந்தச் செடிகளை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் திறந்த வெளியில் வளர்த்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், நிகோடின் குறைந்த செடிகள் சாதாரணச் செடிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இலைப்பரப்பைப் பூச்சிகளிடம் இழந்தன.

ஆக "இது இயற்கையான பொருள்" என்ற வாக்கியத்தை முழுசாக எழுதினால் இப்படி வரும்: இது ஒரு செடி, தன்னைத் தின்ன வருகிற உயிரின் நரம்பைக் குறிவைத்து, இயற்கையாகத் தயாரித்த நஞ்சு. நிகோடின் போய் உட்காரும் அசிட்டைல்கோலின் ஏற்பி பூச்சிக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. முதலில் நரம்பைத் தூண்டும், அளவு கூடினால் முடக்கிவிடும். இயற்கை என்ற சொல் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. என்ன செய்யும் என்பதை அது சொல்வதில்லை.

இதை நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி பார்க்காத கண் உண்டா? பச்சை மரவள்ளி இலையையோ தோலையோ அப்படியே மாட்டுக்குப் போடக்கூடாது என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். லினமரின் என்ற பொருள் செல்லுக்குள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து சயனைடு வெளியாகிறது. கிழங்கைத் தோலுரித்து, வேகவைத்து, தண்ணீரை வடிக்கிறோம். ஜவ்வரிசி ஆலையில் அரைத்து அலசுகிறார்கள். மரவள்ளி விஷயத்தில் "இயற்கையானதுதானே" என்று யாரும் அசட்டையாக இருப்பதில்லை. பதப்படுத்தும் முறை தெரிந்திருப்பதால்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். அந்தப் பழைய அறிவு புகையிலைக் கரைசலுக்கு வரும்போது மட்டும் ஏன் தூங்கிப்போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

கத்தரிக்காய்க் கணக்கு

கத்தரிக்காயில் நிகோடின் இருப்பது உண்மை. தக்காளி, உருளைக்கிழங்கிலும் உண்டு. எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆனால் எவ்வளவு? 1993-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அளவீட்டின்படி, ஒரு கிராம் கத்தரிக்காயில் சுமார் 100 நானோகிராம். அதாவது 1 மில்லிகிராம் நிகோடின் கிடைக்க 10 கிலோ கத்தரிக்காய் தின்ன வேண்டும். ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் சேர்வதும் சுமாராக அந்த 1 மில்லிகிராம்தான்.

உலர்ந்த புகையிலையிலோ 100 கிராமுக்கு 2 முதல் 4 கிராம் வரை சாதாரணமாக இருக்கும். கத்தரிக்காயைவிட லட்சக்கணக்கான மடங்கு. ஒரே சேர்மம் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது, கிணற்றில் விழுந்த ஒரு சிட்டிகை உப்பையும் கடலையும் ஒன்று என்பதற்குச் சமம். அலகைக் கழற்றிவிட்டு எண்ணை ஒப்பிடுகிற பிழை இது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பிழையால் விண்கலமே தொலைந்திருக்கிறது.

இப்ப செய்முறைக்கு வருவோம்

முதல் சிக்கல்: சரக்கின் அளவு கையேட்டுக்குக் கையேடு மாறுகிறது. ஒன்றில் 20 லிட்டர் கோமியத்துக்கு அரை கிலோ புகையிலை. இன்னொன்றில் 10 லிட்டருக்கு 1 கிலோ. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். கரைசலின் அடர்த்தியோ நாலு மடங்கு வித்தியாசம்.

இரண்டாவது சிக்கல்: "புகையிலை" என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்தப் புகையிலை? சிகரெட்டுக்கான புகையிலையில் நிகோடின் குறைவு. வேடசந்தூர் பக்கம் விளையும் வாய்ப்புகையிலையில் அதிகம். வட இந்தியாவில் ஹூக்காவுக்குப் போடும் நிகோடியானா ரஸ்டிகா என்ற இனத்தில் அதையும் தாண்டும். தண்டுக் கழிவு போட்டால் வேறு கணக்கு. இரண்டு நிச்சயமின்மைகளையும் பெருக்கினால், ஒரே செய்முறையைப் பின்பற்றிய இரண்டு விவசாயிகளின் கரைசல்கள் பத்து மடங்குகூட வேறுபடலாம்.

வேப்பெண்ணெய் மருந்துப் புட்டியை எடுத்துப் பாருங்கள். அசாடிராக்டின் 300 பிபிஎம், 1500 பிபிஎம் என்று அச்சடித்திருக்கும். அதுவும் செடியிலிருந்து வந்ததுதான். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று யாரோ அளந்திருக்கிறார்கள். புகையிலைக் கரைசலுக்கு அப்படி ஓர் எண் கிடையாது.

சரி, தோராயமாகவாவது கணக்குப் போடுவோம். அரை கிலோ புகையிலையில் 10 முதல் 20 கிராம் நிகோடின். எல்லாமே கரைந்து இறங்கியதாக வைத்துக்கொண்டால், 20 லிட்டரில் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து 1 கிராம் வரை. கையேடு சொல்கிறபடி 2 அல்லது 3 லிட்டரை எடுத்து 100 லிட்டர் தண்ணீரில் கலந்தால், கடைசியில் செடிமேல் விழுவது லிட்டருக்கு 10 முதல் 30 மில்லிகிராம்.

இதை எதோடு ஒப்பிடுவது? இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உலகம் முழுக்க நிகோடின் சல்பேட் 40 சதவீதக் கரைசலை விற்றார்கள். அசுவினிக்கு அதை 800 பங்கு தண்ணீரில் கலந்து அடிப்பது வழக்கம். அது லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதாவது, வேலை செய்யும் என்று நிரூபணமான அளவில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து ஐம்பதில் ஒரு பங்கு வரைதான் நம் கரைசல் செடிக்குக் கொடுக்கிறது. கெட்டியான செய்முறையை எடுத்துக்கொண்டாலும் அந்த 500-ஐத் தொடாது. பூச்சி ஓடுகிறது என்றால் வேப்பிலைக்கும் மிளகாய்க்கும் பூண்டுக்கும் அதில் பங்கு இருக்கலாம். புகையிலைக்கு எவ்வளவு பங்கு என்பதைப் புகையிலை போடாத கரைசலையும் பக்கத்துப் பாத்தியில் அடித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் என் விமர்சனத்தின் மையம் இருக்கிறது. இந்தச் செய்முறையில் நிகோடின் எங்கே வலுவாக இருக்கிறது? வயலில் இல்லை. அண்டாவில். காய்ச்சுகிறவர், கிளறுகிறவர், வடிகட்டுகிறவர், கையால் சக்கையைப் பிழிகிறவர், இவர்கள் தொடுவது லிட்டருக்கு 500 முதல் 4000 மில்லிகிராம் வரையிலான கரைசல். பூச்சிக்குப் போவது 10 முதல் 30 மில்லிகிராம். ஆபத்தும் பலனும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. பூச்சிக்கு அஸ்திரமோ இல்லையோ, பிழிகிற கைக்கு அது அஸ்திரம்தான்.

கோமியமும் சுண்ணாம்பும்

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். புகையிலையை மட்டும் அடக்கினால் ஏறுவது மெதுவாகத்தான். சுண்ணாம்பு தடவிச் சேர்த்தால் "கிர்"ரென்று ஏறும். பரமத்தி வேலூர் வெற்றிலைக்குப் பேர்போன பூமி, இதை நான் விளக்கினால் சிரிப்பார்கள். ஆனால் அதன் பின்னாலுள்ள வேதியியல் இந்தச் செய்முறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

நிகோடின் ஒரு காரப் பொருள். அமிலத்தன்மை உள்ள சூழலில் அது உப்பாக, மின்னூட்டத்தோடு இருக்கும். அந்த நிலையில் தோலையும் சவ்வையும் சுலபமாகத் தாண்டாது. காரத்தன்மை கூடக்கூட மின்னூட்டம் இழந்த தனி நிகோடினாக மாறும். அது கொழுப்பில் கரையும், தோல் வழியாக உள்ளே போகும், ஆவியாகவும் மாறும். பி.எச். 7-இல் பத்தில் ஒரு பங்குதான் தனி நிலையில் இருக்கும். 8-இல் சுமார் பாதி. 9-இல் பத்தில் ஒன்பது பங்கு. அந்தக் காலத்தில் நிகோடின் சல்பேட்டோடு சோப்பு கலந்து அடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பூச்சியின் தோலைத் தாண்ட அது உதவியது.

மாட்டுக் கோமியம் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. பழசாகப் பழசாக அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறி இன்னும் ஏறும். ஆக, கோமியத்தில் புகையிலையை ஊறவைப்பது சுண்ணாம்பு சேர்ப்பதற்கு ஒப்பான வேலையைச் செய்கிறது. பூச்சி விஷயத்தில் அது நல்ல பொறியியல். ஆனால் அதே மாற்றம் மனிதத் தோலுக்கும் பொருந்தும் என்ற வரி கையேட்டில் இருக்க வேண்டும். நான் பார்த்த கையேடுகளில் கையுறை என்ற சொல்லே இல்லை. "இயற்கை" என்ற தலைப்பு அந்தச் சொல்லுக்கான இடத்தைத் தின்றுவிட்டது.

நிகோடின் தோல் வழியாக ஏறும் என்பது ஏட்டறிவு மட்டுமில்லை. ஈரமான புகையிலை இலையை அறுவடை செய்யும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தளர்ச்சி வருவது 'பச்சைப் புகையிலை நோய்' என்று 1970-இலிருந்து மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் குஜராத் புகையிலை வயல்களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறது. வெறும் இலையைத் தொட்டவர்களுக்கே இந்த நிலை.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்வது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் கூலிக்கு வரும் பெண்களும்தான். அண்டா வீட்டு வாசலிலேயே இருக்கும். வடிகட்டிய கரைசல் பழைய குளிர்பானப் புட்டியில் திண்ணையில் நிற்கும். 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை அதில் அரை டம்ளர் குடித்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பின்னால் எனக்குள்ள நிஜமான கவலை. கடை மருந்துப் புட்டியில் எச்சரிக்கை முக்கோணமாவது இருக்கும். இதில் ஒன்றும் இருக்காது.

கொதிக்க வைக்கும் படியை விட்டுவிட்டால்

"காய்ச்சத் தேவையில்லை, ரெண்டு நாள் ஊறப்போட்டாலே போதும்" என்று ஒரு சுருக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. இதில் வேறொரு வில்லங்கம். உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸ் புகையிலைத் தேமல் வைரஸ். 1892-இல் இவானோவ்ஸ்கியும் 1898-இல் பெய்ஜெரிங்கும் அதைப் பற்றி எழுதினார்கள். அது பதப்படுத்திய உலர்ந்த இலையிலும் பல ஆண்டுகள் உயிர்ப்போடு இருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் பங்காளிகள், அதே வைரஸ் இவற்றையும் பிடிக்கும். சாற்றில் அதைச் செயலிழக்கச் செய்யச் சுமார் 93 டிகிரி வெப்பம் 10 நிமிடம் வேண்டும். நன்றாகக் கொதித்த கரைசலில் இந்தக் கவலை குறைவு. ஊறப்போட்டு மட்டும் எடுத்த கரைசலை மிளகாய்ச் செடிக்கு அடித்தால், பூச்சியை விரட்டப் போய் நோயை நாமே விதைத்ததாகலாம். ஒரு படியின் காரணம் சொல்லப்படாததால், அது தேவையற்றது என்று யாரோ நீக்கிவிடுகிறார்கள். விளக்கக் குறிப்பு எழுதாத நிரலுக்கும் இதே கதிதான்.

புழுவின் பெயரே பதில் சொல்கிறது

இந்தக் கரைசலைப் புழுக்களுக்கு எதிராக அடிக்கச் சொல்கிறார்கள். நம் பக்கம் ஆமணக்கு, நிலக்கடலை, பருத்தி என்று கண்டதையும் தின்னும் ஸ்போடோப்டிரா லிட்டுரா புழுவுக்குத் தமிழில் என்ன பெயர்? புகையிலை வெட்டுப்புழு. புகையிலை இலையையே தின்று வளர்கிற புழு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடினைப் பார்த்து அது பயப்படும் என்று எதிர்பார்ப்பது, கள்ளுக்கடைக்காரரை மோர் கொடுத்து மயக்கப் பார்ப்பது மாதிரி.

அமெரிக்காவின் மாண்டுகா என்ற புகையிலைக் கொம்புப்புழு இன்னும் ஒரு படி மேலே. தின்ற நிகோடினில் கொஞ்சத்தைத் தன் சுவாசத் துளைகள் வழியாக வெளியேவிட்டு, ஓநாய்ச் சிலந்தியை விரட்டிக்கொள்கிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. செடியின் ஆயுதம் புழுவின் கேடயமாகிவிட்டது. நஞ்சும் எதிர்ப்பும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தே வளர்ந்தவை.

இன்னொரு உள்ளூர் உதாரணம். 2020-இல் கேரளாவில் முதலில் பதிவான மரவள்ளி மாவுப்பூச்சி, கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் மரவள்ளியைச் சுருட்டிப் போட்டது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். பூச்சிமருந்து அடித்தால் குளவியும் சாகும் என்பதால், விட்ட வயலில் மருந்து அடிக்கக்கூடாது.

"நான் ரசாயனம் அடிக்கலீங்க, கரைசல்தான் அடிச்சேன்" என்று ஒருவர் சொன்னால்? மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் போர்வை இருக்கிறது, தண்ணீர்க் கரைசல் எளிதில் ஒட்டாது. குளவிக்கு அந்தப் போர்வை கிடையாது. கரைசலில் நிகோடின் வேலை செய்யும் அளவுக்கு இருந்தால், முதலில் அடி வாங்க வாய்ப்புள்ளது குளவிதான். குளவியின் நரம்பு, வந்த நிகோடின் அண்டாவிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று விசாரிப்பதில்லை.

சட்டத்தின் குழப்பம்

இந்தியாவில் நிகோடின் சல்பேட்டை உள்நாட்டில் பயன்படுத்த 1992-இல் தடை போட்டார்கள். ஏற்றுமதிக்காகத் தயாரிக்கலாம் என்று வைத்தார்கள். இங்கே அடிக்கக் கூடாது, அடுத்தவன் நாட்டுக்கு அனுப்பலாம் என்ற அந்த நியாயத்தைத் தனியாகவே விமர்சிக்கலாம். ஆனால் நம் விஷயத்துக்கு அதில் முக்கியமான பகுதி வேறு: அதே மூலக்கூறு, வீட்டில் காய்ச்சினால் கையேட்டில் இடம்பெறுகிறது.

உலக அளவிலும் ஒத்த கருத்து இல்லை. கோடெக்ஸ் அமைப்பின் இயற்கை உணவு வழிகாட்டுதல் "சுத்த நிகோடின் கூடாது, புகையிலைத் தயாரிப்புகளை அனுமதி பெற்று உபயோகிக்கலாம்" என்கிறது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி நேர்மாறு. அங்கே இயற்கையாக இருந்தாலும் தடை செய்யப்பட்ட பொருட்களின் சிறிய பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஆர்செனிக்கோடு சேர்த்துப் புகையிலைத் தூளும் இருக்கிறது. இயற்கை என்ற ஒரே தகுதியில் எதையும் உள்ளே விடமாட்டோம் என்ற அந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது.

நாமக்கல் என்றால் முட்டை. கோழிப்பண்ணைக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் கோழி உட்காரும் கட்டைகளில் நிகோடின் சல்பேட்டைப் பூசிவிடுவார்கள். இரவு கோழியின் உடல் சூட்டில் அது ஆவியாகி இறகுக்குள் இருக்கும் பேனைக் கொல்லும். இன்னொரு பக்கம், 2017-இல் ஐரோப்பாவைக் கலக்கிய முட்டை விவகாரம். நெதர்லாந்தில் தாவர எண்ணெய் மருந்து என்று சொல்லிப் பண்ணைகளில் அடித்த கலவையில் ஃபிப்ரோனில் இருந்தது. லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். "செடியிலிருந்து எடுத்தது" என்ற அட்டை எவ்வளவு சுலபமாகக் கேள்விகளை வாயடைக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறுபக்கம்: செயற்கை என்றால் உத்தமமா?

இல்லை. நிகோடினின் வேலையைப் பின்பற்றி ஆய்வகத்தில் செய்தவைதான் நியோநிகோட்டினாய்டுகள். பெயரே புதிய நிகோடின் என்றுதான் வருகிறது. 1991-இல் சந்தைக்கு வந்த இமிடாகுளோபிரிட் அதில் முதலாவது. எலிக்கு வாய்வழி கொடுத்தால் பாதி எலிகள் சாகும் அளவு, நிகோடினுக்குக் கிலோவுக்குச் சுமார் 50 மில்லிகிராம். இமிடாகுளோபிரிடுக்குச் சுமார் 450. பாலூட்டிகளைப் பொறுத்தவரை, ஆலைச் சரக்குதான் சாது. காரணம், அது பூச்சியின் ஏற்பியில்தான் இறுக்கமாக ஒட்டும், நம்முடையதில் அவ்வளவாக ஒட்டாது.

ஆனால் நிகோடின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். நியோநிகோட்டினாய்டு மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், செடிக்குள் ஊடுருவி மகரந்தம் வரை போகும். தேனீக்களுக்கு அது செய்யும் கேட்டைப் பார்த்து, 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. ஆக, இயற்கையா செயற்கையா என்ற கோட்டில் நன்மை தீமையை வைத்தால் இரண்டு பக்கமும் தப்பாகவே வரும். யாருக்கு, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகள்தான் வேலை செய்கின்றன.

எதிர்ப்பாளர்களின் எண்ணும் தணிக்கைக்கு உரியது

நியாயமாக இருக்க வேண்டுமென்றால் இரண்டாவது வாக்கியத்தையும் சோதிக்க வேண்டும். "60 மில்லிகிராம் நிகோடின் ஒரு ஆளைக் கொல்லும்" என்று பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்தது. 2014-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ண்ட் மாயர் இந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப் போனார். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே பின்னால் போய், கடைசியில் அது 1906-இல் வந்த ருடால்ஃப் கோபர்ட்டின் நச்சியல் நூலில் போய் நின்றது. அதற்கும் அடிப்படை, பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் சிலர் தங்கள் மேலேயே செய்துகொண்ட சோதனைகள். பிழைத்தவர்களின் ரத்த அளவுகளையும் மற்ற பதிவுகளையும் வைத்துப் பார்த்த மாயர், உயிர்போகும் அளவு வாய்வழியாக அரை கிராமிலிருந்து 1 கிராம் வரை இருக்கலாம் என்று சொன்னார். பழைய நிரலில் யாரோ போட்ட ஒரு மாறிலியை, நூறு வருடமாக எவரும் திறந்து பார்க்காமல் நகலெடுத்த கதை இது.

இதைக் கேட்டதும் "பாத்தீங்களா, நிகோடின் ஒண்ணும் செய்யாது" என்று தாவ வேண்டாம். அண்டாக் கரைசலில் லிட்டருக்கு 500 முதல் 4000 மில்லிகிராம் இருக்கலாம் என்று மேலே பார்த்தோம். மாயரின் தாராளமான எண்ணை எடுத்தாலும், 15 கிலோ குழந்தைக்குச் சுமார் 100 மில்லிகிராம்தான் எல்லை. கெட்டியான கரைசலில் அது ஒரு மடக்கு. நிகோடின் தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தவில்லை என்பதும் உண்மை. ஆனால் வாய்ப்புகையிலை முதல் வகுப்புப் புற்றுக் காரணி. பதப்படுத்தும்போது நிகோடினும் அதன் உறவுப் பொருட்களும் நைட்ரோசமைன்களாக மாறுவது அதில் பெரிய பங்கு. ஒரு தவறான எண்ணைத் திருத்துவது வேறு, நற்சான்றிதழ் கொடுப்பது வேறு.

செய்முறையில் என்ன இருந்திருக்க வேண்டும்

ஒரு விமர்சனம் மாற்று வரைவு கொடுக்காவிட்டால் அரைகுறை. நான் அந்தப் பக்கத்தைத் திருத்தினால் இவ்வளவுதான் சேர்ப்பேன்.

முதலில், புகையிலையை எடுத்துவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசலோடு நிறுத்த முடியுமா என்று கேட்பேன். பெரும்பாலான தேவைக்கு அது போதும், பிழிகிற கைக்கும் பாதுகாப்பு. புகையிலை வேண்டியேதான் ஆக வேண்டும் என்றால்: எந்த வகை, எத்தனை கிராம் என்று ஒரே அளவு. ரப்பர் கையுறை போட்டு, கையால் பிழியாமல் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிகட்ட வேண்டும். வீட்டு அடுப்பிலோ சமையல் பாத்திரத்திலோ கூடாது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்கக் கூடாது. குளிர்பானப் புட்டியில் ஊற்றவே கூடாது, பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். வெற்றிலை, கீரை மாதிரி அப்படியே வாயில் போடும் இலைக்கு அடிக்கக் கூடாது. குளவி விட்ட மரவள்ளிக்கும் கூடாது.

மேலே பட்டால் உடனே துணியை மாற்றிவிட்டு நிறையத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். வாந்தி, எச்சில் வடிதல், வியர்வை, தலைசுற்றல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே போய் "இயற்கை மருந்துதாங்க அடிச்சோம்" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. அறிகுறிகள் மற்ற பூச்சிமருந்து நஞ்சு மாதிரியே இருக்கும், சிகிச்சை மாறலாம். "புகையிலைக் கரைசல், நிகோடின்" என்ற இரண்டு சொற்களைச் சொல்ல வேண்டும்.

இது எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்தான் வரும். உங்கள் ஊர்க் கூட்டத்தில் அடுத்த தடவை யாராவது இந்தச் செய்முறையைக் கரும்பலகையில் எழுதினால், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அய்யா, இதுல நிகோடின் எத்தனை மில்லிகிராம் இருக்குதுங்க, அண்டாவைக் கிளறப் போறது யாருங்க?" பதில் வந்தால் எனக்கும் எழுதி அனுப்புங்கள், இந்தக் குறிப்பிலேயே சேர்த்துவிடுகிறேன்.